ஓடைக்கல்லில் ஒட்டியிருந்த இரட்டைவால் பூச்சி

கேள்வி: நீலகிரியின் எமரால்டுக்கு மேலே உள்ள ஓர் ஓடையில் உரிமம் பெற்று டிரவுட் மீனுக்குத் தூண்டில் போட்டு வருகிறேன். ஒரு மாலையில், சாம்பல் நிறச் சிறகுகளை நிமிர்த்திப் பிடித்த, இரண்டு வால் இழைகள் கொண்ட பூச்சிகள் நீரிலிருந்து எழும்பின. நண்பர் ஈசல் என்றார். வெளிநாட்டுக் கையேடு ஒன்றைப் பார்த்த நான் ‘பீட்டிஸ்’ என்று நினைத்தேன். அங்கே கல்லைப் புரட்டியபோது, தட்டையான, இரண்டே வால் உள்ள ஓர் உயிரி ஒட்டிக்கொண்டிருந்தது. இது எது? முள்ளில் இறகு கட்டிப் பூச்சிபோலச் செய்து மிதக்கவிட்ட செயற்கை ஈயை மீன்கள் ஏன் தொடவில்லை?

பதில்: ஈசல் புற்றிலிருந்து வருவது, அதன் நான்கு சிறகுகளும் ஒரே நீளத்தில் முதுகின்மேல் படுத்திருக்கும், வால் இழை கிடையாது. நீங்கள் கண்டது, நீரில் வளர்ந்து சிறகோடு வெளியேறும் மேஃப்ளை என்ற பூச்சிதான். ஆனால் இரண்டு வாலை மட்டும் பார்த்து, மேஃப்ளைகளில் ஒரு பேரினமான பீட்டிஸ் என்று முடிவுகட்டுவது பலரும் செய்கிற தவறு; நானும் செய்திருக்கிறேன். பீட்டிஸின் பின்சிறகு உருப்பெருக்கியை வைத்துத் தேட வேண்டிய அளவுக்குச் சிறியது. அதன் இளம்பருவமான நிம்ஃப் உருண்டு நீண்ட உடலோடு மீன்குஞ்சுபோல நீந்தும், அதற்குப் பெரும்பாலும் மூன்று வால்கள் இருக்கும். நீங்கள் புரட்டிய கல்லில் இருந்ததோ தட்டையானது. வேகமான நீரில், இரட்டை வாலோடு, வயிற்றின் இருபுறமும் தகடுபோன்ற செவுள்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்க, கல்லை விட்டு அசையாமல் இருப்பது எபியோரஸ் என்ற மற்றொரு மேஃப்ளைப் பேரினத்தின் நிம்ஃப். அதன் நெருங்கிய உறவினங்கள் பெரும்பாலானவற்றுக்கு வால் மூன்று என்பதால், ஒன்று ஒடிந்துபோனதா என்று நான்கைந்து நிம்ஃபுகளையாவது எண்ணிப் பாருங்கள். காலையும் கவனியுங்கள்: நுனியில் இரண்டு நகங்கள் இருந்தால் அது ஸ்டோன்ஃப்ளை என்ற வேறொரு ஓடைப்பூச்சி, மேஃப்ளைக்கு ஒரே நகம்தான்.

மீன்கள் மிதக்கும் ஈயைத் தொடாததற்கான காரணமும் இங்கேயே இருக்கலாம். பெரும்பாலான மேஃப்ளைகள் நீரின் மேற்பரப்பில் தோல் உரிக்கும். எபியோரஸ் இனங்கள் சிலவோ ஓடையின் அடியிலேயே தோலை உரித்து, சிறகு முளைத்த உருவில் மேலேறி வருகின்றன. அமெரிக்காவின் எபியோரஸ் ப்ளூராலிஸ் இதற்குப் பேர்போனது. அந்த நாட்டில் தியோடர் கார்டன் (1854–1915) உருவாக்கிய, இப்பூச்சியின் சாயலுள்ள ‘குவில் கார்டன்’ மிதக்கும் ஈதான் என்றாலும், பூச்சி எழும் வேளையில் மூழ்கும் ஈயை நாடுவோர் அங்கே உண்டு. நீங்களும் மென்மையான இறகு சுற்றிய, மூழ்கும் ஈயை அடியிலிருந்து மெல்ல மேலேற விட்டுப் பாருங்கள்.

இனப்பெயர் மட்டும் வெளிநாட்டுக் கையேட்டில் கிடைக்காது. நம் டிரவுட்தான் வெளியிலிருந்து வந்தது. அது தின்னும் பூச்சிகள் இந்த மலைகளுக்கு உரியவை, அவற்றுக்குப் பெயர்சூட்டும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கொடைக்கானலின் பெயரைத் தாங்கிய டெலோகனோட்ஸ் கொடை என்ற மேஃப்ளையே 2008-இல்தான் விவரிக்கப்பட்டது. இனத்தை உறுதிசெய்ய, வளர்ந்த ஆண் பூச்சியின் வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். ஆனால் நீரைவிட்டு எழுந்த பூச்சி இன்னும் முழு வளர்ச்சி அடையாதது, அதற்கு மங்கலான சிறகுதான். சிறகு வந்த பிறகும் ஒருமுறை தோல் உரிக்கும் பூச்சி மேஃப்ளை மட்டுமே. ஆகவே அதைக் காற்றோட்டமுள்ள பெட்டியில், ஏறி நிற்க ஒரு குச்சியோடு, குளிர்ந்த இடத்தில் விட்டுவையுங்கள். சிறகு கண்ணாடிபோல் தெளிந்ததும் 80 சதவீத ஆல்கஹாலில் இட்டு, உரித்துப்போட்ட தோலையும் சேர்த்து, ஓடையின் பெயரும் தேதியும் பென்சிலால் எழுதிய தாளைக் குப்பிக்குள்ளேயே வையுங்கள். பேனா மை கரைந்துவிடும். ஓடை காப்புக்காட்டுக்குள் இருந்தால் வனத்துறை அனுமதியின்றி ஒரு நிம்ஃபைக்கூட எடுக்க வேண்டாம்.