மைக்ரோஸ்டெப்பைக் கூட்டினால் துல்லியம் கூடுமா?

சிறு சிறு படிகளாக (ஸ்டெப்) சுற்றும் ஸ்டெப்பர் மோட்டர் பற்றி மலையக நண்பர்கள் கேட்டவற்றுக்கு, ஹட்டனில் இயந்திரக் கட்டுப்பாட்டு வேலை பார்க்கும் ஒருவரின் பதில்கள்.

தலவாக்கலையிலிருந்து: அண்ணே, பெயர்ப்பலகை வெட்ட ஒரு சின்ன சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) செய்கிறேன். சுற்றுக்கு 200 ஸ்டெப் எடுக்கும் மோட்டர், ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் ஸ்குரூ. மோட்டருக்கு மின்னோட்டம் கொடுக்கும் டிரைவரில், ஒரு ஸ்டெப்பை 16 துண்டாக்கும் மைக்ரோஸ்டெப் அமைப்பை 32க்கு மாற்றினால் இன்னும் நுணுக்கமாக வெட்டுமா?

பதில்: கணக்குப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும் தம்பி. முழு ஸ்டெப்புக்கு 0.04 மி.மீ., 16இல் 0.0025, 32இல் அதிலும் பாதி. டிரைவர் கேட்கிற தூரம் அது. மோட்டர் எங்கே போய் நிற்கும் என்பது வேறு கதை.

ஒரு சுருளில் சைன், மற்றதில் கொசைன் அளவுக்கு மின்னோட்டம் கொடுத்து, ரோட்டரை (மோட்டரின் சுழலும் பாகம்) இரண்டு முழு ஸ்டெப்புக்கு நடுவே நிறுத்தப் பார்ப்பதுதான் மைக்ரோஸ்டெப்பிங். பிடித்திருப்பது காந்தப்புலம் என்பதால், ரோட்டர் கொஞ்சம் விலகினால்தான் அதைத் திருப்பி இழுக்கும் விசையே பிறக்கும். ஒரு முழு ஸ்டெப் விலகினால் மோட்டரின் முழு முறுக்குவிசையும் கிடைக்கும். 16இல் ஒரு மைக்ரோஸ்டெப் விலகினால் அதில் சுமார் 10 சதவீதம், 32இல் 5, 256இல் வெறும் 0.6. ஸ்குரூவின் உராய்வு இதைவிட அதிகம் என்றால் ஒரு மைக்ரோஸ்டெப் நகரச் சொல்லும் முதல் பல்ஸுக்கு ஒன்றும் அசையாது. இரண்டு மூன்று சேர்ந்ததும் ஒரே குதி.

இது போக, சாதாரண மோட்டரிலேயே ஸ்டெப்பின் இடம் 5 சதவீதம் வரை முன்பின்னாக இருக்கலாம். உங்களுக்கு அது 0.002 மி.மீ. நல்லவேளை, சுற்றச் சுற்ற இந்தப் பிழை சேர்ந்துகொண்டு போகாது. 16லேயே விடுங்கள், முதலில் ஸ்குரூவில் ஓடும் நட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பண்டாரவளையிலிருந்து: அப்படியானால் மைக்ரோஸ்டெப் எதற்கு?

பதில்: சத்தமும் அதிர்வும் குறைய. மெதுவாகச் சுற்றும்போது முழு ஸ்டெப்பில் மோட்டர் நடுங்கும். எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

நுவரெலியாவிலிருந்து: சேர், நட்சத்திரங்களைப் படமெடுக்க கேமராவைச் சுழற்றும் கருவி செய்கிறேன். 100க்கு 1 கியர். எத்தனை மைக்ரோஸ்டெப் வைக்கலாம்?

பதில்: வானம் நொடிக்கு சுமார் 15 ஆர்க்செக்கண்ட் (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) நகர்கிறது. உங்கள் கியரில் ஒரு முழு ஸ்டெப் 64.8 ஆர்க்செக்கண்ட், நாலு நொடிக்கு ஒருமுறை குதித்தால் நட்சத்திரம் கோடாகிவிடும். 16 வைத்தால் குதி 4 ஆர்க்செக்கண்டாகக் குறையும். மோட்டரின் சொந்தப் பிழையே 3 இருக்கிறது, அதனால் அதற்கு மேல் போய் லாபம் குறைவு. உங்களுக்கு வரப்போகும் பெரிய தலைவலி, கருவியின் சுழல் அச்சைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் திருப்புவதுதான். நம் ஊரில் அந்த நட்சத்திரம் அடிவானத்துக்கு 7 பாகைதான் மேலே. வடக்கே ஒரு மலை நின்றால் போச்சு. திசைகாட்டியும் சரிவுமானியும் வைத்துத்தான் அச்சைத் திருப்ப வேண்டும்.

மஸ்கெலியாவிலிருந்து: ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையில் 32 மைக்ரோஸ்டெப் வைத்ததும் வேகமே வரவில்லை.

பதில்: ஒரு சுற்றுக்கு 6400 பல்ஸ் ஆகிவிட்டது. வழக்கமான ஆக்செல்ஸ்டெப்பர் நிரலகம் ஊனோவில் நொடிக்கு 4000 அளவில்தான் கொடுக்கும். 8க்கு இறக்குங்கள்.

பதுளையிலிருந்து: கரண்ட் போய் வந்தால் வேலை இடம் மாறிவிடுகிறதே?

பதில்: மழைக்காலத்தில் நமக்கு இது வாடிக்கை. கரண்ட் போனதும் ரோட்டர் நடுவில் நிற்காது, பக்கத்து இயல்பு நிலைக்குச் சரியும். திரும்ப வந்ததும் டிரைவர் பழைய இடத்தை மறந்து தன் தொடக்க நிலையிலிருந்து இழுக்கும். ஏ4988 போன்ற டிரைவர்களில் அந்த நிலை நாலு முழு ஸ்டெப்புக்கு ஒருமுறை வரும். ஆக இரண்டு ஸ்டெப் வரை தள்ளிப்போகலாம். ஓட்டத்தின் எல்லையில் தொட்டால் அமுங்கும் லிமிட் சுவிட்ச் போட்டு, ஒவ்வொரு முறையும் அதைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.