முடக்கத்தான் கஷாயத்தில் வலி குறைந்தது, மாத்திரையை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. போன வருஷம் இரண்டு கைகளிலும் விரல் முட்டிகள் வீங்கின. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது, குக்கர் மூடியைக்கூடத் திறக்க முடியாது. முடக்குவாதம் என்று சொல்லி, ஐந்து மாதங்களுக்கு முன் மீத்தோட்ரெக்சேட் 15 மில்லிகிராம் ஞாயிறுதோறும் போடச் சொன்னார்கள். என் மாமியாருக்கு முழங்கால் வலி முடக்கத்தான் கஷாயத்தில் நின்றுபோனதாம். ஆறு வாரமாக நானும் குடிக்கிறேன், வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று எல்லோரும் பயமுறுத்தியதால் மூன்று வாரமாக அதைப் போடவில்லை. இப்போதும் வலி இல்லை. கஷாயமும் மஞ்சள் பாலும் மட்டும் போதுமா? சொந்தக்காரர் ஒருவர் பொடி ஒன்றும் வாங்கித் தந்திருக்கிறார். சாப்பிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வலி குறைந்ததில் சந்தோஷம். ஆனால் குறைத்தது யார் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

மீத்தோட்ரெக்சேட் தலைவலி மாத்திரை மாதிரி போட்டவுடன் கேட்காது. பலன் தெரியத் தொடங்கவே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும், முழுப் பலனுக்கு இன்னும் நாளாகும். நீங்கள் கஷாயத்தைத் தொடங்கியபோது மாத்திரை தொடங்கி மூன்றரை மாதம் ஆகியிருந்தது. சரியாக அது வேலை செய்யும் நேரத்தில்தான் கஷாயமும் வந்து சேர்ந்திருக்கிறது. மெதுவாக வருகிற இந்த மருந்து போகும்போதும் மெதுவாகத்தான் போகும். நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு அதன் பாதுகாப்பு மிச்சமிருக்கும். மூன்று வாரம் வலியில்லாமல் இருப்பது அந்த மிச்சத்தில்தான் என்று நினைக்கிறேன். அது தீரும்போது வீக்கம் திரும்பும். அப்போது கஷாயத்தைக் கூட்டிக் குடிக்கத் தோன்றும், அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். இந்த நோயில் மூட்டு எலும்பு அரித்துக் கரைவது பெரும்பாலும் முதல் ஓரிரு வருஷத்திலேயே ஆரம்பிக்கிறது. கோணிய விரலை எந்த மருந்தும் நிமிர்த்தாது.

உங்கள் மாமியாருக்கு வந்தது அநேகமாக மூட்டுத் தேய்மானமாக இருக்கும். ஊர் வழக்கில் இரண்டையும் 'வாதம்' என்றுதான் சொல்கிறோம், குழப்பம் அங்கேதான். தேய்மானம் வயதாவதால், பாரத்தால் வருவது. உங்களுடையதில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுச் சவ்வை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. இது ஏறி இறங்கும் நோயும்கூட. நன்றாக இருக்கிற மாதத்தில் கடைசியாக எதைச் சாப்பிட்டோமோ, அதற்குப் பெயர் கிடைத்துவிடும்.

முடக்கத்தான் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் வீட்டிலும் முடக்கத்தான் தோசை உண்டு, நானே கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன். எலிகளில் நடந்த ஆய்வுகளில் அது வீக்கத்தைக் குறைத்திருக்கிறது. ஆனால் மூட்டு எலும்பு கரைவதை மனிதர்களிடம் நிறுத்தியதாக நம்பத்தகுந்த பெரிய ஆய்வு கிடையாது. தோசையில், ரசத்தில் தாராளமாகச் சேருங்கள். சுண்டக் காய்ச்சித் தினமும் டம்ளர் கணக்கில் குடிப்பது வேறு. மீத்தோட்ரெக்சேட் போடுகிறவர்கள் ஈரலுக்குக் கூடுதல் சுமை எதையும் ஏற்றாமலிருப்பது நல்லது.

மஞ்சள் பாலும் அப்படித்தான். அரைத் தேக்கரண்டி மஞ்சளில் ஒன்றரை கிராம் தூள் இருக்கும். அதில் குர்குமின் என்கிற மருந்துச் சத்து ஏறக்குறைய 45 மில்லிகிராம்தான். ஆய்வுகளில் கொடுப்பதோ அரை கிராம், ஒரு கிராம். மிளகு தட்டிப் போட்டால் உடம்பில் சேர்வது கொஞ்சம் கூடும். குடிக்கலாம், ராத்திரி இதமாக இருக்கும். அதையே கேப்ஸ்யூலாக வாங்கி விழுங்க வேண்டாம். அதிக அளவு குர்குமினால் ஈரல் பாதித்தவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டு வைத்தியத்தில் நான் மனதாரச் சொல்வது சூடுதான். காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு கைகளையும் பத்து நிமிஷம் வைத்து, தண்ணீருக்குள்ளேயே விரல்களை மடக்கி நீட்டுங்கள். கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கலாம், நொச்சி இலையும் போடலாம். மூட்டு சிவந்து, தொட்டால் கொதிக்கிற நாளில் மட்டும் சூடு வேண்டாம். அன்று ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள். எருக்கம் பால், பூண்டுப் பற்று போன்றவற்றை வைத்துக் கட்டாதீர்கள், தோல் வெந்துவிடும்.

கிட்னி பயத்துக்கு வருகிறேன். உங்கள் வார மாத்திரையில் நாங்கள் முக்கியமாகக் கவனிப்பது ஈரலையும் ரத்த அணுக்களையும். அதற்குத்தான் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, அதற்குத்தான் ஃபோலிக் ஆசிட் என்கிற வைட்டமின் மாத்திரை. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்ப்போம், ஏனென்றால் கிட்னி சரியில்லாவிட்டால் இந்த மருந்து வெளியேறாமல் உடம்பில் தேங்கும். கிட்னியை நிஜமாகவே கெடுப்பது பெரும்பாலும் சீட்டில்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மாதக்கணக்கில் போடும் வலி மாத்திரைகள். அவற்றைப் பற்றி யாரும் உங்களைப் பயமுறுத்தவில்லை போலிருக்கிறது.

அந்தப் பொடியைத் தொடவே வேண்டாம். லேபிள் இல்லாமல், இரண்டே நாளில் வலியைப் பறக்கவிடும் பொடி என்றால் உள்ளே ஸ்டீராய்டு இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். அப்படி ஒன்றை ஏழு மாதம் சாப்பிட்டுவிட்டு ஓர் அம்மா என்னிடம் வந்தார். முகம் பூசணிக்காய் மாதிரி உப்பி, சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது. திடீரென்று நிறுத்தவும் முடியாது, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். படிப்படியாகக் குறைத்து வெளியே கொண்டுவரப் பல மாதங்கள் ஆயின. ஏற்கெனவே சில நாளாவது சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இந்த வாரமே அவரைப் போய்ப் பாருங்கள். மூன்று வாரம் விட்டதை, கஷாயம் குடித்ததை எல்லாம் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம், எங்களுக்கு இது தினமும் கேட்கிற கதை. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி ரத்தப் பரிசோதனைகள், ஈரல், ரத்த அணுக்கள் எல்லாம் பார்த்துவிட்டு எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று அவர் சொல்லட்டும். விட்டுப்போன டோஸுக்கு ஈடாகச் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். இது வாரத்துக்கு ஒரே நாள் மாத்திரை. மறதியில் தினமும் போட்டவர்கள் உயிருக்குப் போராடியிருக்கிறார்கள். காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை வட்டமிட்டு, போட்டதும் அடித்துவிடுங்கள். வாயில் புண், காய்ச்சல், மூச்சுத் திணறல் வந்தால் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் அன்றே போங்கள்.

அதே காலண்டரில் இன்னொன்றும் குறித்து வாருங்கள்: காலையில் விரல் முழுதாக மடங்க எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று. டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள்.