கையால் வரைந்த உருவப்படத்துக்கு எவ்வளவு கேட்பது?

மதுரையில் பென்சில் உருவப்படம் வரைகிறீர்கள். 3,000 ரூபாய் என்றால், "ஃப்ளெக்ஸ் கடையில் 300 ரூபாய்க்கு அடிச்சுத் தர்றாங்களே" என்கிறார்கள் வாடிக்கையாளர்கள். என்ன செய்வது என்பது கேள்வி.

விலையைக் குறைக்காதீர்கள். உங்கள் ஊர்க் கொத்தனாரின் நாள் கூலியை 8ஆல் வகுங்கள். உங்கள் மணிக்கூலி அதற்குக் கீழே இறங்கவே கூடாது. மணிக்கு 150 ரூபாய் என்று வைத்தாலும், 18 மணி நேரம் பிடிக்கும் ஏ3 படத்துக்கு உழைப்பு மட்டும் 2,700. தாள், பென்சில், சட்டம் எல்லாம் தனி.

அந்த 18 மணி நேரம் எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. காட்டுங்கள். ரேஷன் கார்டில் இருந்த மங்கிய படத்தை வைத்து ஒரு அப்பத்தாவை வரைகிறோம் என்றால், தண்டட்டி இழுத்துத் தொங்கும் காதுமடலுக்கே ஒரு மாலை போய்விடும். உதட்டோரம் நூலளவு தவறினாலும் "எங்க ஆத்தா இப்படி இருக்காதே" என்பார்கள். மங்கிய படத்தையும் முடித்த படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பாதிப் பேர் பேரம் பேசுவதில்லை.

மீறிக் கேட்டால் வேலையைக் குறையுங்கள்: ஏ3க்குப் பதில் ஏ4, அதாவது பாதிப் பரப்பு. சொந்தக்காரர் என்றாலும் பாதிப் பணம் முன்பணமாக வாங்கிய பிறகே பென்சிலைத் தொடுங்கள்.

அப்புறம், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்தின் பதிப்புரிமை, அதாவது அதை நகலெடுக்கும் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே. உரிமை உங்களிடம் இருக்க வேண்டுமானால் முன்பண ரசீதிலேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.