யோசனைப் பெட்டி ஏன் காலியாகவே கிடக்கிறது?

தொழில் நடத்தும் வாசகர்களின் கேள்விகளுக்கு, 26 வருடம் அட்டைப்பெட்டி செய்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி: 14 பேரை வைத்து ஒரு சிறிய தயாரிப்புக் கூடம் நடத்துகிறேன். மாதாமாதம் மீட்டிங் போட்டு, "புதுசா ஏதாவது சொல்லுங்க" என்று கேட்கிறேன். யாரும் வாயைத் திறப்பதில்லை. யோசனைப் பெட்டி வைத்தேன். இரண்டு மாதமாகக் காலி. என் ஆட்களுக்குக் கற்பனையே இல்லையா?

இருக்கிறது. உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். இதை நான் அடித்துச் சொல்லக் காரணம் உண்டு.

காற்று காய்ந்திருக்கும் மாதங்களில் எங்களுக்கு ஒரே தலைவலி: பெட்டியை மடிக்கும்போது மடிப்புக் கோட்டில் மேல்தாள் வெடிக்கும். தாளில் இருக்கும் ஈரம் குறைந்துவிட்டால் அது வளைந்து கொடுக்காது. லோடு லோடாகச் சரக்கு திரும்பி வந்தது. தாளை மாற்றினேன், மெஷினின் அழுத்தத்தை மாற்றினேன், வெளியிலிருந்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நாள் இரவு ஷிப்ட் முடிகிற நேரத்தில் உள்ளே போனேன். பின் அடிக்கும் மெஷினில் வேலை செய்யும் பெரியவர், மறுநாளைக்கு வேண்டிய அட்டை அடுக்கின் நான்கு பக்கமும் கம்பு நிறுத்தி, அதன் மேல் நன்றாகப் பிழிந்த ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்தார். சாக்கு அட்டையைத் தொடவே இல்லை. நடுவில் நாலு விரல் இடைவெளி. "இப்படி வச்சா காலையில வெடிக்காதுங்க" என்றார். காலையில் நானே உட்கார்ந்து 100 பெட்டி மடித்துப் பார்த்தேன். இரண்டில்தான் விரிசல். விசாரித்தால், இரண்டு வருடமாகத் தன் மெஷினுக்கு வரும் அட்டைக்கு மட்டும் இப்படிச் செய்துவருகிறார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் பதில் வந்தது. முன்பு ஒருமுறை பசையைப் பற்றி ஏதோ சொல்ல வந்தவரை, "முதல்ல உங்க வேலையைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டேனாம். எனக்கு நினைவே இல்லை. அவர் மறக்கவில்லை. பக்கத்தில் நின்று கேட்ட நாலு பேரும் மறக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கொடுத்த விலை, இரண்டு வருடம் திரும்பி வந்த சரக்கு.

அதனால், கடைசியாக ஒருவர் உங்களிடம் ஒரு யோசனையோடு வந்தபோது அடுத்த பத்து நிமிஷத்தில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். மற்ற 13 பேரும் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

யோசனைப் பெட்டியை எடுத்துவிடுங்கள். ஒவ்வொருவரும் வேலை செய்யும் இடத்துக்கே போய் நில்லுங்கள். "புதுசா சொல்லுங்க" என்றால் பயந்துவிடுவார்கள்; அது பரீட்சைக் கேள்வி மாதிரி. "இந்த வேலையில் உங்களுக்கு எரிச்சலைக் கிளப்புவது எது?" என்று கேளுங்கள், கொட்டுவார்கள். கேட்டதற்கு ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லிவிடுங்கள். முடியாது என்றாலும் சரி, காரணத்தோடு நேரில் சொல்லுங்கள். முடியும் என்றால் சின்ன அளவில் அவரையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். பலித்தால் அவர் பெயரைச் சொல்லியே எல்லோரிடமும் பேசுங்கள்.

டொயோட்டா தன் தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் திட்டத்தை 1951இல் தொடங்கியது. அதைவிட எனக்குப் பிடித்தது அங்குள்ள கயிறு. கோளாறு கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம்; குழுத் தலைவர் அந்த இடத்துக்கே வருவார், வேண்டுமானால் வரிசையே நிற்கும். இழுத்தால் ஒருவர் வருவார் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் இழுக்கிறார்கள். உங்கள் பெட்டியில் சீட்டைப் போட்டால் யார் வருவார்கள்?

கேள்வி: தனியாகத் தொழில் தொடங்கியிருக்கிறேன். எனக்குப் புதிதாக எதுவுமே தோன்றுவதில்லை. இதெல்லாம் பிறவியிலேயே வர வேண்டுமா?

வேண்டாம். உட்கார்ந்து யோசித்தால் எனக்கும் தோன்றாது. உங்கள் பொருளை வாங்கியவர் அதை வைத்து என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். குறிப்பாக, அதில் அவராகவே என்ன மாற்றம் செய்துகொண்டிருக்கிறார் என்று தேடுங்கள்.

ஒரு வாடிக்கையாளரின் கிடங்கில், எங்கள் பெட்டியின் இரண்டு பக்கமும் ஒருவர் பிளேடால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார், கை விட்டுத் தூக்க. அடுத்த ஆர்டரிலிருந்து நாங்களே போட்டுக் கொடுத்தோம். (ஓட்டை மேல் விளிம்புக்கு மிக அருகில் இருந்தால் தூக்கும்போது கிழியும், அதையும் அவர்தான் சொன்னார்.)

ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞரின் கதையும் இதுதான். அமெரிக்காவின் த்ரீ எம் (3M) நிறுவனத்தில் வேலை பார்த்தவர், அதன் உப்புத்தாளைச் சோதித்துப் பார்க்கக் கார் பெயின்ட் பட்டறைகளுக்குப் போய்வந்தார். காருக்கு இரண்டு நிறம் அடிப்பது அப்போது மோஸ்தர். ஒரு நிறத்தை மறைக்க ஒட்டிய தாளைப் பிரித்தால் பெயின்ட்டும் சேர்ந்து உரிந்துவந்தது. தொழிலாளர்கள் திட்டித் தீர்த்தார்கள். அவர் போனது உப்புத்தாள் வேலையாக, காதில் விழுந்தது இது. அதைப் பிடித்துக்கொண்டு உழைத்துத்தான் 1925இல் மாஸ்கிங் டேப்பைக் கொண்டுவந்தார். நீங்களும் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் குறை சொல்வதை அவர் வாயிலிருந்து வந்தபடியே எழுதுங்கள்.

கேள்வி: ஒரு புதிய பொருளை இரண்டு முறை சந்தைக்குக் கொண்டுபோனேன். ஓடவில்லை. விட்டுவிடலாமா?

பயன்படுத்திப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்களா, கையில் எடுக்கவே இல்லையா? இரண்டும் வேறு.

ஒட்டிப் பிரிக்கும் சின்னக் குறிப்புத் தாளான போஸ்ட்-இட் காகிதத்தை, த்ரீ எம் 1977இல் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தபோது சரியாகப் போகவில்லை. மறு வருடம் அமெரிக்காவின் பாய்சி நகரத்தில் சும்மாவே கொடுத்துப் பார்த்தார்கள். பயன்படுத்தியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் 'இனி வாங்குவோம்' என்றார்கள். 1980இல் அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது. பொருள் அதேதான், மக்கள் கைக்குப் போன விதம்தான் வேறு. உங்கள் பொருளையும் 20 பேருக்குக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். மூலையில் கிடந்தால் விட்டுவிடுங்கள். தேய்ந்திருந்தால் இன்னொரு முறை முயலலாம். ஆனால் இதற்கு மேல் எவ்வளவு பணம், எத்தனை மாதம் என்று முன்கூட்டியே தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவைத்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: சொந்த யோசனைகளுக்காக ஊழியர்களுக்கு 15 சதவீத நேரம் ஒதுக்கும் நிறுவனங்கள் உண்டாமே? சிறு தொழிலில் செய்யலாமா?

த்ரீ எம் 1948 முதல் அப்படிச் செய்துவருகிறது. பத்துப் பேர் உள்ள இடத்தில் சதவீதக் கணக்கு நிற்காது, ஆர்டர் நெருக்கடி அதைத் தின்றுவிடும். ஒரு ஆள், ஒரு கேள்வி, வாரத்தில் ஒரு மதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மதியத்தில் எந்த அவசரத்துக்கும் அவரைக் கூப்பிடாதீர்கள். நான் கூப்பிட்டேன். இரண்டாவது வாரமே அவசர லோடு என்று இழுத்துப் போட்டேன். மூன்றாவது வாரம் அவர் அந்த மதியத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அப்புறம் நானே அவரிடம் போய், மறுபடி தொடங்கலாமா என்று கேட்க வேண்டியிருந்தது.