பேஸ்பால் பார்க்கும்போது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணுங்கள்

நம் தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். அவருடைய 13 வயது மகன் கிளப்பில் பேஸ்பால் ஆட ஆரம்பித்திருக்கிறான், பிட்சர், அதாவது பந்து வீசுபவன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவும் மகனும் சேர்ந்து அமெரிக்க மேஜர் லீக் ஆட்டம் பார்க்கிறார்கள். "நான் கிரிக்கெட்டில் வளர்ந்தவன் அண்ணா, பதினோரு பேரைப் பார்த்தாலே எந்த அணி பலம் என்று சொல்லிவிடுவேன். இதில் ஒன்பதில் ஆறு இன்னிங்ஸ் நன்றாக ஆடிய அணி கடைசியில் கவிழ்ந்துவிடுகிறது. ஆட்டம் ஓடும்போதே இரண்டு அணியையும் எப்படி எடைபோடுவது? இதனால் மகனுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?" என்று கேட்கிறார்.

நீங்கள் ஒன்பது பேரைப் பார்க்கிறீர்கள், ஆனால் ஆட்டத்தை முடித்துவைப்பவர் பல நாள் அந்த ஒன்பதில் இல்லாத ஆளாக இருப்பார், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கிரிக்கெட்டில் ரபாடா காலையில் ஒரு ஸ்பெல் போட்டுவிட்டு ஓய்வெடுத்து மத்தியானம் திரும்ப வந்து வீசலாம். பேஸ்பாலில் ஒருவரை வெளியே எடுத்துவிட்டால் அன்றைக்கு அவர் கதை முடிந்தது, திரும்ப வர முடியாது. அதனால் ஒவ்வொரு மாற்றமும் கையிலிருப்பதைச் செலவழிப்பதுதான். யாரிடம் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதைத்தான் நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கை ஆட்டத்துக்கு முன்பே போட்டுவிடலாம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு பகல் 1:35-க்குத் தொடங்கும் ஆட்டம் கோடையில் நமக்கு இரவு 7:35, ஆடுபவர் பட்டியல் அதற்குச் சில மணி நேரம் முன்பே வந்துவிடும். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒரு அணி, அந்தப் பக்கம் இன்னொரு அணி என்று எழுதுங்கள். அணிக்கு 26 பேர், அதில் பிட்சர்கள் அதிகபட்சம் 13 (செப்டம்பரில் 28 பேர், பிட்சர்கள் 14). பேட்டிங் வரிசையில் ஒன்பது பேர் போக பெஞ்சில் நாலு பேர் இருப்பார்கள், அதில் ஒருவர் மாற்று கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்), ஆடுகிற கேட்சருக்கு அடிபட்டால் வேறு ஆள் வேண்டுமே என்று மேனேஜர்கள் அவரைத் தொடத் தயங்குவார்கள், ஆக நிஜத்தில் மூன்று பேர்தான். 13 பிட்சர்களில் ஐந்து பேர் முறை வைத்து ஆட்டத்தைத் தொடங்குகிற ஸ்டார்ட்டர்கள், அன்றைய ஆள் தவிர மற்ற நாலு பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மிச்சம் எட்டு பேர், ஆட்டத்தின் நடுவே வந்து வீசுகிற இவர்கள் காத்திருக்கும் இடம்தான் புல்பென். அந்த எட்டில் நேற்றும் முந்தாநாளும் யார் வீசினார்கள் என்று முந்தைய ஆட்டங்களின் ஸ்கோர் அட்டையில் பாருங்கள். இரண்டு நாளும் தொடர்ந்து வீசியவர், நேற்று ஒரே இரவில் முப்பது பந்து வீசியவர், இவர்களை இன்றைக்கு இல்லாதவர்களாகவே வைத்துக்கொள்ளலாம். எட்டு என்பது பல நாள் ஐந்தாகிவிடும், எதிரணிக்கு ஏழு இருக்கும், இந்த வித்தியாசம் டிவி திரையில் எங்கேயும் தெரியாது.

ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் இடது கையா வலது கையா என்று குறித்துவிடுங்கள். பிட்சரும் பேட்டரும் ஒரே கை என்றால் பொதுவாக பிட்சருக்கு லாபம், எதிர்க்கை என்றால் பேட்டருக்கு லாபம். முன்பெல்லாம் ஒரே ஒரு பேட்டருக்காக ஒரு இடது கை பிட்சரைக் கொண்டுவந்து உடனே மாற்றிவிடுவார்கள். 2020 முதல் அது முடியாது, உள்ளே வருகிற பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்திக்க வேண்டும், இல்லையென்றால் அந்த இன்னிங்ஸ் முடிய வேண்டும் (காயமோ உடல்நலக் குறைவோ ஏற்பட்டால் மட்டும் விதிவிலக்கு). அதனால் அடுத்து வருகிற மூன்று பேரைச் சேர்த்துப் பாருங்கள்.

மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 2024-ன் முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது இன்னிங்ஸில் சமன் ஆனதால் பத்தாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் அணி 3-2 என்று முன்னிலை, டாட்ஜர்ஸ் அணி பக்கம் இரண்டு பேர் பேஸில், ஒருவர் அவுட். அடுத்து ஒஹ்தானி இடது கை, பெட்ஸ் வலது கை, ஃப்ரீமேன் இடது கை. யாங்கீஸ் புல்பென்னில் இடது கை பிட்சர்கள் இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். ஒருவர் டிம் ஹில், வழக்கமாக அந்த வேலையைச் செய்கிறவர். இன்னொருவர் நெஸ்டர் கோர்டெஸ், கைக் காயத்தால் செப்டம்பர் 18-க்குப் பிறகு ஆட்டத்தில் வீசவே இல்லை. மேனேஜர் கோர்டெஸை அனுப்பினார். ஒஹ்தானி ஒரே பந்தில் அவுட், வலது கை பெட்ஸை அடிக்க விடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்பினார்கள், ஃப்ரீமேன் முதல் பந்தையே கிராண்ட்ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது பந்தை எல்லைக்கு வெளியே அடித்து நாலு ரன் எடுப்பது) அடித்தார், 6-3. அந்த நிமிடம் உங்கள் தாளில் "ஹில், கோர்டெஸ்" என்று இரண்டு பெயரும், இரண்டாவதற்குப் பக்கத்தில் "ஐந்து வாரமாக வீசவில்லை" என்ற குறிப்பும் இருந்திருந்தால் ஆட்டத்தின் ஆபத்து எங்கே என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

ஆட்டம் தொடங்கியதும் முதல் மூன்று இன்னிங்ஸில் ஸ்டார்ட்டரின் பந்து எண்ணிக்கையைப் பார்த்தால் போதும். இன்னிங்ஸுக்குப் பதினைந்து பந்து என்பது சீரான நடை. மூன்றாவது முடிவில் 45 என்றால் அவர் ஆறாவது வரை தாங்குவார், 65 என்றால் ஐந்தாவதிலேயே புல்பென் கதவு திறக்கும், அந்த ஐந்து பேரும் மீதி முழுவதையும் சுமக்க வேண்டும். பேட்டர்கள் ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது நன்றாகவே அடிப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு இன்னிங்ஸ் நன்றாக ஆடிய அணி கவிழ்வதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

ஆறாவதிலிருந்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் தாளில் ஒரு பெயரை அடித்துவிடுங்கள், மகனிடமே அந்த வேலையைக் கொடுத்துவிடலாம். டொரான்டோவும் டாட்ஜர்ஸும் மோதிய 2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போனது. டொரான்டோ, முழங்கால் காயத்திலிருந்து மீண்டு வந்திருந்த பிஷெட்டை ஏழாவதிலேயே எடுத்துவிட்டு அவருக்குப் பதிலாக ஓட ஒருவரை அனுப்பியது. அந்த நேரத்தில் அது நியாயமான முடிவுதான், ஆனால் மிச்சம் இருந்த பத்து இன்னிங்ஸுக்கு மேல் அவர் பேட் இல்லாமல் ஆட வேண்டியதாயிற்று. டாட்ஜர்ஸ் பக்கம் புல்பென்னில் கடைசியாக மிஞ்சியவர் வில் க்ளைன், முந்தைய சுற்றுகளில் அணிப் பட்டியலிலேயே இல்லாதவர். நாலு இன்னிங்ஸ், 72 பந்து, ஒரு ரன்கூட விடவில்லை. பதினெட்டாவதில் ஃப்ரீமேன் ஹோம் ரன், 6-5. பட்டியலின் வால் எவ்வளவு நீளம் என்று பார்க்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

நம் நாட்டுக்காரர் கிஃப்ட் ங்கோபேயையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 2008-ல் பிட்ஸ்பர்க் ஒப்பந்தம் போட்டது, மேஜர் லீகில் கால் வைத்தது 2017 ஏப்ரல் 26-ல், ஆப்பிரிக்காவில் பிறந்த முதல் ஆட்டக்காரர். ஆட்டத்தின் நடுவே மாற்றாக வந்து, முதல் பேட்டிங்கிலேயே ஜான் லெஸ்டர் பந்தில் ஹிட் அடித்தார். அவரை அவ்வளவு தூரம் கொண்டுபோனது முக்கியமாக ஃபீல்டிங்.

அதனால் ஒரு இரவு ஆட்டத்தை வைத்து யாருடைய பேட்டிங்கையும் முடிவு கட்டாதீர்கள், நாலு முறை பேட் பிடித்து நாலிலும் அவுட்டாவது சிறந்தவர்களுக்கும் சகஜம். கால் வேகமும் கை பலமும் அப்படியில்லை, ஒரே இரவில் தெரிந்துவிடும். ஃபோனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறதே, பந்து மட்டையில் பட்ட நொடியிலிருந்து ஓடுபவரின் கால் முதல் பேஸைத் தொடும் வரை அழுத்துங்கள். தூரம் 27.43 மீட்டர், வலது கை பேட்டர் 4.3 நொடி என்றால் சராசரி, பேஸுக்குக் கொஞ்சம் கிட்ட நிற்கிற இடது கை பேட்டருக்கு 4.2. கேட்சர் பந்தைப் பிடித்து எறிந்து இரண்டாவது பேஸில் சேர 2 நொடி சராசரி. பெஞ்சில் 4 நொடிக்குள் ஓடுகிறவர் ஒருவரும், எதிரணியில் 2.1 நொடி எடுக்கிற கேட்சரும் இருந்தால், எட்டாவது இன்னிங்ஸில் முதல் பேஸில் இருப்பவருக்குப் பதிலாக அவரை அனுப்பி, பிட்சர் வீசும்போதே இரண்டாவது பேஸுக்கு ஓடவைப்பார்கள் என்று நீங்களே மகனிடம் சொல்லலாம்.

மகனுக்குப் பிரயோஜனம் உண்டா என்று கேட்டீர்களே, அதற்குத்தான் நான் இவ்வளவு எழுதியது. கிளப் அணியில் எட்டு பேர் புல்பென் கிடையாது, நன்றாக வீசுகிற பையன் ஒருவன் இருந்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவனையே போட்டுத் தேய்த்துவிடுவார்கள், இதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். மேஜர் லீகும் அமெரிக்க பேஸ்பால் சங்கமும் சேர்ந்து வகுத்த அளவு இருக்கிறது: 13, 14 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து, 21 முதல் 35 வரை வீசினால் ஒரு நாள் ஓய்வு, 50 வரை இரண்டு நாள், 65 வரை மூன்று நாள், 66-ம் அதற்கு மேலும் என்றால் நாலு நாள். டிவி முன்னால் பந்து எண்ணப் பழகிய கையோடு அவனுடைய ஆட்டத்திலும் நீங்களே எண்ணுங்கள். சனிக்கிழமை 70 வீசியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை அவன் வீசக்கூடாது என்று பயிற்சியாளரிடம் போய்ச் சொல்லுங்கள், அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.