இத்தாலிய மொழியில் 'நெகத்தீவோ' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்னென்ன பொருள்?

பெரும்பாலும் நெகட்டிவ் என்றே போட்டுவிடலாம். மறுப்பதைக் குறிக்கும் 'நெகாரே' என்ற லத்தீன் வினைதான் இரண்டு சொல்லுக்கும் வேர், அதனால் கணக்கில் வரும் மைனஸ் எண், பேட்டரியின் நெகட்டிவ் முனை, ஃபிலிம் கேமரா காலத்து நெகட்டிவ், மருத்துவப் பரிசோதனை முடிவு எல்லாவற்றுக்கும் அங்கேயும் இதே சொல்தான். இரத்த வகையில் மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு, நாம் ஓ நெகட்டிவ் என்பதை அவர்கள் பூஜ்யம் என்ற பொருளில் 'ட்ஸேரோ நெகத்தீவோ' என்பார்கள்.

வடிவம் மாறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெண்பால் பெயரோடு வந்தால் நெகத்தீவா, ஆண்பால் பன்மையில் நெகத்தீவி, பெண்பால் பன்மையில் நெகத்தீவே. இந்தக் கடைசி வடிவத்தின் எழுத்துகள் அப்படியே ஆங்கிலச் சொல்லின் எழுத்துகள்தான், அதனால் இத்தாலிய வாக்கியத்துக்கு நடுவே ஆங்கிலச் சொல் எதற்கு வந்தது என்று குழம்ப வேண்டாம்.

அப்புறம், முக்கியமாகக் கவனிக்க வேண்டியது 'எஸித்தோ நெகத்தீவோ' என்ற தொடர். எஸித்தோ என்றால் முடிவு. 2020-இல் கொரோனா இத்தாலியைப் புரட்டிப் போட்டபோது மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனைக்கு இப்படி முடிவு வந்தால் தொற்று இல்லை என்று பொருள், குடும்பமே நிம்மதியாக மூச்சுவிடும். ஆனால் நீங்கள் கொடுத்த விண்ணப்பத்துக்கு இதே தொடரோடு பதில் வந்தால் அது நிராகரிப்பு, தேர்வுக்கு வந்தால் தேறவில்லை, காணாமல் போனதைத் தேடும்போது வந்தால் தேடியும் கிடைக்கவில்லை. இந்த இடங்களில் நெகட்டிவ் ரிசல்ட் என்று ஆங்கிலத்தில் எழுதினால் படிப்பவருக்கு விஷயம் போய்ச்சேராது, ரிஜெக்டட், ஃபெயில்டு என்று நேராக எழுதுவதே நல்லது என்பேன். ஒரு அதிகாரியோ குழுவோ 'பாரேரே நெகத்தீவோ' கொடுத்தார்கள் என்றால் சாதகமில்லாத கருத்து, அதற்கு அன்ஃபேவரபிள் பொருந்தும்.

சாப்பாடு நன்றாக இல்லை, ஆள் மோசம் என்று சொல்ல இந்தச் சொல் உதவாது, அதற்கு 'கத்தீவோ' இருக்கிறது. சும்மா 'இல்லை', 'வேண்டாம்' என்று சொல்லவும் இது வேண்டாம், 'நோ' போதும். மரியாதையாக மறுக்க வேண்டுமா, 'நோ, க்ராட்ஸியே' என்று நன்றியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.