கடற்காகம் பார்க்க மலையிறங்குகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஹட்டன் ஆசிரியை: டிசம்பர் லீவில் பிள்ளைகளை மன்னாருக்குக் கூட்டிப்போனால் கடற்காகம் பார்க்கலாமா, அண்ணன்?

பார்க்கலாம், டீச்சர். ஒக்டோபர் அளவில் வந்து சேரும், ஏப்ரலுக்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும். டிசம்பரில் மன்னாரில் மழை குறுக்கிடும் என்பதால் பெப்ரவரியே என் தெரிவு. வங்காலை சரணாலயம், தீவுக்குப் போகும் பாலத்துப் பாதை, தலைமன்னார்க் கரை மூன்றையும் விடாதீர்கள். காலையில் மீன் வள்ளங்கள் கரை சேரும் இடத்தில் நில்லுங்கள். வலையிலிருந்து சிந்துவதைப் பொறுக்கக் கூட்டமாக வரும்.

தலவாக்கலை வாசகர்: எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிகிறதே, எப்படிப் பிரிப்பது?

முதலில் அளவைப் பாருங்கள். பெரிய உடல், கருஞ்சாம்பல் முதுகு, மஞ்சள் கால் என்றால் அது ஹியூக்ளின் கடற்காகம், வட ரஷ்யாவிலிருந்து வருவது. சிக்கல் சிறியவற்றில்தான். பழுப்புத்தலை, கருந்தலை என்று பெயர் இருந்தாலும் குளிர்காலத்தில் இரண்டுக்கும் தலை வெள்ளை. காதருகே ஒரு கரும்பொட்டுதான் மிச்சம். அதனால் தலையை விட்டுவிட்டுக் கண்ணைப் பாருங்கள். வளர்ந்த பழுப்புத்தலைக்குக் கண் வெளிறியிருக்கும், கருந்தலைக்குக் கறுப்பு. பறக்கும்போது இறக்கையின் கறுப்பு நுனிக்குள் வெள்ளைத் திட்டு தெரிந்தால் பழுப்புத்தலையேதான். மார்ச்சில் போனால் சிலவற்றுக்குத் தலை நிறம் மாறத் தொடங்கியிருக்கும். அது பார்க்க வேண்டிய அழகு!

பண்டாரவளை வாசகர்: காசல்ரீ, கிரகரி வாவிப் பக்கமெல்லாம் வராதா?

எதிர்பார்க்க வேண்டாம். இலங்கையில் கடலோரமும் களப்பும் உப்பளமும்தான் அவற்றுக்கு. நம் நீர்த்தேக்கங்களில் தெரியும் வெள்ளை பெரும்பாலும் கொக்கு. ஆனால் மலைக்கும் விருந்தாளிகள் உண்டு. அதே மாதங்களில் நுவரெலியா விக்டோரியா பூங்காவில் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் ஆறுமணிக் குருவியும் கிடைக்கும்.

நுவரெலியா மாணவி: பழுப்புத்தலை எங்கிருந்து வருகிறது, சேர்?

தங்கச்சி, அது நம்மைவிட உயரத்து மலைவாசி. திபெத், லடாக் மேட்டு ஏரிகளில் கூடு கட்டும். அவற்றில் பல 4,000 மீற்றருக்கும் மேலே. நம் பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான்! குளிரில் அந்த ஏரிகள் உறைந்தால் இரை ஏது? இறங்கித்தான் ஆக வேண்டும்.

பதுளை வாசகர்: என்ன கொண்டுபோக வேண்டும்?

8x42 பைனாகியூலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பறக்கும் படம் வேண்டுமென்று மணலில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குள் ஓடாதீர்கள். திரும்பிப் போகும் பயணத்துக்கு அவை உடம்பில் கொழுப்புச் சேர்க்கும் காலம் அது. ஒவ்வொரு தடவை கிளப்பிவிடும்போதும் அதில்தான் குறைகிறது.